மூன்று வீட்டுக்கு ஒரு ரூட்டர்: டேட்டா எங்கே போகிறது?

அனைவருக்கும் வணக்கம். தலவாக்கலைப் பக்கம் காலையில் இருந்து மழை விட்டபாடில்லை. தகரத்தில் விழுகிற சத்தம் இடையிடையே கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டு இணையத்தை யார் எவ்வளவு பாவிக்கிறார்கள் என்று எப்படிக் கணக்குப் பார்ப்பது, எந்த இடத்தில் கட்டுப்படுத்துவது என்பதை, நான் அமைத்திருப்பதை வைத்தே இன்றைக்குக் காட்டுகிறேன்.

எங்கள் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரே லயத்தில், அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்து மூன்று காம்பரா (அறை வீடு). ஒன்றில் அம்மா, நடுவில் அண்ணன் குடும்பம், கடைசியில் நாங்கள். மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு 4ஜி ரூட்டர், ஒரு மாதப் பொதி. மாதம் பாதி தாண்டும்போதே டேட்டா தீர்ந்துவிடும். அதோடு சண்டையும் தொடங்கிவிடும். உன் பிள்ளை விளையாடுகிறான், நீ படம் பார்க்கிறாய் என்று ஆளுக்கு ஆள் கை நீட்டுவார்கள். கையில் ஒருவரிடமும் கணக்கு இருக்காது. இப்படியான நேரத்தில் பலர் முதலில் செய்கிற வேலை, வைஃபை கடவுச்சொல்லை மாற்றிப் பிள்ளைகளை வெளியே நிறுத்துவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். முதலில் அளந்து பாருங்கள்.

நிறுவனங்கள் தருகிற ரூட்டர்களில் பெரும்பாலும் மொத்தப் பாவனைதான் தெரியும். உலாவியில் 192.168.1.1 என்றோ, ஹுவாவே 4ஜி ரூட்டர்கள் பலவற்றில் 192.168.8.1 என்றோ அடித்தால் அமைப்புப் பக்கம் திறக்கும். உங்களுடைய முகவரி எது என்பது ரூட்டரைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒட்டியிருக்கிற தாளில் இருக்கும். அந்தத் தாளில் உள்ள நிர்வாகக் கடவுச்சொல்லை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். எத்தனை சாதனம் இணைந்திருக்கிறது என்று அங்கே பார்க்கலாம். எந்தச் சாதனம் எவ்வளவு தின்றது என்பதைச் சொல்கிற மாதிரிகள் குறைவு.

அதற்காகத்தான் இந்த இரண்டாவது ரூட்டர். இதில் ஓப்பன்-டபிள்யூ-ஆர்-டி என்கிற திறந்த மூல மென்பொருள் ஓடுகிறது. பழைய ரூட்டர் ஒன்று போதும். ஆனால் வாங்குவதற்கு முன் அந்த மென்பொருளின் சாதனப் பட்டியலில் உங்கள் மாதிரி இருக்கிறதா என்று பாருங்கள். பதிப்பு எண்ணையும் சரிபாருங்கள், ஏனென்றால் பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே வேறு சிப் இருக்கலாம். 16 எம்பி சேமிப்பும் 128 எம்பி நினைவகமும் இருந்தால் நிம்மதி. 4ஜி ரூட்டரின் லேன் துளையில், அதாவது வீட்டுச் சாதனங்களைச் செருகுகிற துளையில் இருந்து, இதன் வான் துளைக்கு, அதாவது இணையம் உள்ளே வருகிற துளைக்கு, ஒரு கேபிள் கொடுத்து, 4ஜி ரூட்டரின் வைஃபையை அணைத்துவிட்டேன். இனி மூன்று வீட்டுப் போக்குவரத்தும் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே 192.168.1 வரிசை முகவரி வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வந்தால் இணையமே ஓடாது.

அடுத்தது சுவர். பழைய லயங்களின் கருங்கல் சுவரை வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை தாண்டுவது கடினம். 2.4 ஓரளவு தாண்டும், மூன்றாவது காம்பராவில் அதுவும் இளைத்துவிடும். அதனால் தகரத்துக்குக் கீழே, கூரை மரத்தோடு சேர்த்து ஒரு நெட்வேர்க் கேபிளை இழுத்து, அம்மா வீட்டில் இன்னொரு சிறிய ரூட்டரை, வைஃபையைப் பரப்ப மட்டும், அணுகல் புள்ளியாக வைத்திருக்கிறேன். இந்த இடத்தில் கவனம் வேண்டும். அந்தச் சிறிய ரூட்டரில், சாதனங்களுக்கு முகவரி கொடுக்கிற டி.எச்.சி.பி.யை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில்தான் செருக வேண்டும். வான் துளையில் செருகினால் அம்மா வீட்டில் உள்ள எல்லாச் சாதனமும் ஒரே ஆளாகத் தெரியும், கணக்கு எடுக்க முடியாது.

இனி பெயர் கொடுப்பது. ஆண்ட்ரொய்ட் 10, ஐஓஎஸ் 14 ஆகியவற்றில் இருந்து கைத்தொலைபேசிகள் தம் உண்மையான மெக் முகவரியை, அதாவது சாதனத்துக்கென்று உள்ள அடையாள எண்ணை, மறைத்து, வைஃபைக்கு வைஃபை வேறொன்றைக் காட்டுகின்றன. வெளியிடங்களில் அது நல்ல பாதுகாப்பு. வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நிலையான முகவரியும் பெயரும் கொடுங்கள். திரையில் பாருங்கள்: ‘அண்ணி போன்’, ‘மகன் டெப்’, ‘அம்மா டிவி’. பெயர் வைத்தபின் சாதனவாரியாகக் கணக்கெடுக்கும் சிறு மென்பொருள் ஒன்றை ரூட்டரில் நிறுவினேன். மாதத் தொடக்கத் திகதியை உங்கள் பில் திகதியோடு பொருத்திவையுங்கள்.

கணக்கு வந்தபோது எல்லோரும் வாயடைத்துப்போனோம். முதலிடத்தில் எந்தப் பிள்ளையும் இல்லை, தொலைக்காட்சிதான் இருந்தது. நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஒரு காட்சி ஓடினால் மணிக்கு 450 எம்பி போகும். 5 மெகாபிட்டில் ஓடினால் 2.25 ஜிபி. நெட்ஃப்ளிக்ஸ் தானே சொல்கிற கணக்கில் எச்.டி. தரத்துக்கு மணிக்கு 3 ஜிபி வரை, 4கே தரத்துக்கு 7 ஜிபி வரை ஆகும். அம்மா கோயில் திருவிழாக் காணொளிகளைப் போட்டுவிட்டுச் சமையலுக்குப் போய்விடுவார். அது தன்பாட்டில் அடுத்தடுத்து உயர்ந்த தரத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தரத்தை 480க்கு இறக்கி, தானாக அடுத்ததுக்குப் போவதை நிறுத்தினோம். அம்மாவுக்குப் படத்தில் வித்தியாசமே தெரியவில்லை.

இரண்டாவது இடம் அண்ணனின் மடிக்கணினி. விண்டோஸ் புதுப்பிப்புகள். வைஃபை அமைப்பில் ‘மீட்டர் இணைப்பு’ என்று குறித்துவிட்டால் பெரிய பதிவிறக்கங்களில் பெரும்பாலானவை நின்றுவிடும். கைத்தொலைபேசிகளின் புகைப்படக் காப்புப்பிரதியை இரவு டேட்டா ஓடுகிற நேரத்துக்கு ஒத்திவையுங்கள். அவ்வளவுதான். ஒரு பிள்ளையைக் கூடத் தடுக்காமல் பொதியின் பெரும்பகுதி மிச்சமானது.

இப்போது கட்டுப்பாட்டுக்கு வருகிறேன். இரவு ஒன்பதரைக்கு வைஃபையை மொத்தமாக அணைத்துவிடலாம் என்றுதான் அண்ணன் சொன்னார். அண்ணியின் தங்கச்சி குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அங்கே வேலை முடித்து ஒன்பது மணிக்குக் கைத்தொலைபேசியை எடுத்தால் இங்கே பதினொன்றரை. தன் பிள்ளையின் முகத்தை அவர் பார்ப்பது அந்த நேரத்தில்தான். அந்தப் பிள்ளை வளர்வதும் அண்ணியிடம்தான். வைஃபையை அணைத்தால் அந்த அழைப்பும் போய்விடும். இந்த மலைநாட்டில் எத்தனை வீடுகளில் இப்படி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நேரக் கட்டுப்பாட்டைச் சாதனத்துக்குச் சாதனம் போடுங்கள். மகனின் டெப் ஒன்பதரைக்கு நிற்கும், அண்ணியின் போன் எந்த நேரமும் ஓடும்.

இதில் இரண்டு விடயம். ரூட்டரின் நேர வலயத்தைக் கொழும்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரூட்டர்களுக்குள் கடிகார மின்கலம் கிடையாது, மின்சாரம் போய் வந்தால் இணையத்தில் இருந்து நேரம் எடுக்கும் வரை கட்டுப்பாடும் பிசகும். மற்றது, ஒன்பதரைக்கு முன்பே திறந்திருந்த இணைப்பு சில நிமிடம் தொடர்ந்து ஓடலாம். அமைப்பு வேலை செய்யவில்லை என்று கலங்க வேண்டாம்.

சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிற அண்ணனின் மகளுடைய ஸூம் வகுப்பு விட்டுவிட்டு வந்தது. அதற்கு எஸ்.கியூ.எம். என்ற வசதி இருக்கிறது. சாதனங்களுக்கு இடையே வேகத்தைப் பங்கிட்டு, ஒன்றே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். 4ஜி வேகம் ஏறி இறங்கும் என்பதால், நெரிசலான மாலை நேரத்தில் அளந்து, அதைவிடச் சற்றுக் குறைவாகக் கொடுங்கள்.

தகாத தளங்களைத் தடுக்க, ரூட்டரின் டி.என்.எஸ். (தளத்தின் பெயரை இணைய முகவரியாக மாற்றித் தருகிற சேவை) இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்று போடுங்கள். 2020 இல் கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் குடும்பங்களுக்காகத் தொடங்கிய இலவசச் சேவை இது. தீநிரல் பரப்பும் தளங்களையும் வயது வந்தோருக்கான தளங்களையும் தடுக்கும். ஆனால் ஆண்ட்ரொய்ட் 9 இல் இருந்து ‘தனிப்பட்ட டி.என்.எஸ்.’ என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை மாற்றத் தெரிந்த பிள்ளை இந்தத் தடுப்பைச் சுற்றிப் போய்விடுவான். அந்த அமைப்பு பாவிக்கிற 853 ஆம் வாயிலை (போர்ட்) ரூட்டரில் அடைத்தால் அந்த வழி பெரும்பாலும் மூடும், ஆனால் போக்குவரத்தை மறைத்துக் கொண்டுபோகிற வி.பி.என். திறந்தே இருக்கும். சிம்மில் ரீலோட் செய்து டேட்டா போட்டால் உங்கள் ரூட்டரைத் தொடாமலே எல்லாம் நடக்கும். அதனால் இந்தத் தடுப்பைச் சிறு பிள்ளைகளுக்கு மட்டும் நம்புங்கள். பெரிய பிள்ளையோடு உட்கார்ந்து கதைக்கத்தான் வேண்டும். இணையத்தில் யாராவது மிரட்டினால், படம் கேட்டால், முதலில் வீட்டுக்கு ஓடிவந்து சொல்லலாம் என்ற தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்தையும் சொல்லிவையுங்கள்.

யார் எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பட்டியலை நான் பதிந்துவைப்பதில்லை. தளங்கள் பாவிக்கிற எச்.டி.டி.பி.எஸ். என்ற மறைகுறியாக்கம் காரணமாகப் பக்கத்தின் உள்ளடக்கம் ரூட்டருக்குத் தெரியாது, தளத்தின் பெயர் தெரியவரும். அதைக்கூடத் திறந்து பார்க்கும் உரிமை எனக்கு இல்லை என்று நினைக்கிறேன். அண்ணியும் மகளும் எங்கே போகிறார்கள் என்று மைத்துனனோ சித்தப்பாவோ துருவுவது முறையில்லை. எனக்குத் தேவை அளவு மட்டும்.

அந்த அளவை எல்லோருக்கும் காட்டச் சொன்னவர் அம்மா. கொழுந்து நிறுக்கிற இடத்தில் வாழ்நாளைக் கழித்தவர். “தராசு முள் நிறுக்கிறவனுக்கு மட்டும் தெரிந்தால் சண்டை தீராது, எங்களுக்கும் தெரிகிற மாதிரி வை” என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாதனவாரிக் கணக்கை எழுதி அம்மா வீட்டுக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டுகிறேன். போன மாதம் மகன் தன் டெப்பின் எண்ணைப் பார்த்துவிட்டு, காணொளித் தரத்தைத் தானே இறக்கினான்.

மின்சாரம் போகும் நேரத்துக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யூ.பி.எஸ். போதும். இரண்டு ரூட்டரின் வோல்டேஜும் அதோடு பொருந்துகிறதா என்று பார்த்து, அம்பியரைக் கூட்டிப் பார்த்து வாங்குங்கள். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேரத்து இடி தொடங்கும்போது மின்செருகியைக் கழற்றிவிடுங்கள். வீட்டுக்கு வீடு கேபிள் இழுப்பவர்கள் வெட்டவெளியில் இழுக்க வேண்டாம், மின்னல் அந்த வழியாகவும் வரும்.

கடைசியாக, எல்லாம் அமைத்து முடித்ததும் ‘காப்புப்பிரதி’ என்ற பொத்தானை அழுத்தி அமைப்புக் கோப்பை ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். நான் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விடுவதால், அந்த பென் டிரைவும் நிர்வாகக் கடவுச்சொல் எழுதிய தாளும் அண்ணியின் அலுமாரியில் இருக்கின்றன. நேரக் கட்டுப்பாட்டை எப்படித் தளர்த்துவது என்றும் அவருக்குக் காட்டிக்கொடுத்திருக்கிறேன். பரீட்சை முடிந்த அன்றிரவு மகளுக்குப் பதினொரு மணி வரை திறந்துவிட்டது அண்ணிதான்.