அம்மாவும் மகளும் அருகருகே உட்கார ஓர் அறை

(திரைப்படக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் நூலகத்துறை அலுவலர் அம்மா அவர்களே, இந்தக் கழகத்தைத் தொடங்கிய ஐயா அவர்களே, எனக்கு முன்னால் பேசிய பேராசிரியர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் அம்மாக்களே, நாலு வரிசை தள்ளிப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அவர்களுடைய மகள்களே, உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். நிறுவனர் ஐயா ப்ரொஜெக்டர் பெட்டியைத் தன் தோளில் சுமந்து மாடியேறிய காலத்திலிருந்து நான் அவரைப் பார்த்து வருகிறேன். இன்றைக்கும் கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி வைப்பவர்களில் அவர் ஒருவர். பேராசிரியர் அவர்கள் ஒளிப்பதிவைப் பற்றி இவ்வளவு தெளிவாகப் பேசிவிட்டதால் அந்தப் பக்கமே நான் போக வேண்டியதில்லை. நூலகத்துறை அலுவலர் அம்மா அரை மணி நேரம்தான் இருப்பேன் என்று சொல்லித்தான் வந்தார். அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது, இன்னும் இருக்கிறார். அவர் இருப்பது எனக்கு மிகவும் முக்கியம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். படம் ஓட்டும் தம்பியையும் மறந்துவிடக் கூடாது. அவர் இல்லாவிட்டால் நாம் எல்லோரும் ஒரு வெள்ளைத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அம்மா-மகள் மனக்கசப்பைச் சொல்லும் சுயாதீன டார்க் காமெடி படங்கள், அதாவது பெரிய ஸ்டூடியோக்களைச் சாராமல் எடுக்கும் அவல நகைச்சுவைப் படங்கள். மூன்று செய்திகள் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். இந்தச் சண்டையை ஏன் சிரித்துக்கொண்டே பார்க்க வேண்டியிருக்கிறது என்பது ஒன்று. சிறிய முதலீட்டில் எடுக்கும் படங்களுக்கு இந்தக் கதை ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது இரண்டு. இந்தப் படங்களில் இசை செய்யும் வேலை மூன்று.

நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. எந்த மேடையில் ஏறினாலும் இதை நான் சொல்வேன் என்று என் நண்பர்களுக்குத் தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா-மகள் கதையைப் படமாக எடுக்க வரும் இளைஞர்கள் இந்த ஒரு வரியைச் சுவரில் எழுதி வைத்துக்கொண்டு திரைக்கதை எழுதலாம். மகளுக்கு என்ன பசி என்று தனக்குத் தெரியும் என அம்மா நினைக்கிறாள். அம்மா பேசுவதெல்லாம் தன்னைப் பற்றித்தான் என மகள் நினைக்கிறாள். மொத்தக் கதையும் அங்கேதான் இருக்கிறது.

சரி, இதில் சிரிப்பு எங்கிருந்து வருகிறது? தொல்காப்பியர், உணர்வுகள் வெளிப்படுவதைப் பேசும் மெய்ப்பாட்டியலில், சிரிப்புக்கு நான்கு காரணம் சொல்கிறார்: ‘எள்ளல் இளமை பேதைமை மடன்’. அழுகைக்கும் நான்கு: ‘இளிவே இழவே அசைவே வறுமை’. இரண்டு பட்டியலிலும் முதலில் நிற்பதைப் பாருங்கள். சிரிப்புக்கு எள்ளல், அதாவது கேலி. அழுகைக்கு இளிவு, அதாவது அவமானம். ஒருவர் எள்ளினால் இன்னொருவர் இளிவுபடுகிறார். நடந்த செயல் ஒன்றுதான். இந்தப் பக்கம் நிற்பவருக்குச் சிரிப்பு, அந்தப் பக்கம் நிற்பவருக்கு அழுகை. நல்ல அவல நகைச்சுவைப் படம் நம்மை இரண்டு பக்கமும் மாறி மாறி நிற்க வைக்கிறது. மகளின் உடையைப் பார்த்து அம்மா ஒரு வார்த்தை சொல்கிறாள், நாம் சிரிக்கிறோம். கேமரா மகளின் முகத்துக்குப் போகிறது, சிரித்த வாயை மூட முடியாமல் தவிக்கிறோம். அந்தத் தவிப்புதான் இந்த வகைப் படத்தின் உயிர்.

இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன். முதலாவது, சுவீடன் இயக்குநர் இங்மார் பெர்க்மன் 1978-இல் எடுத்த ‘ஆட்டம் சொனாட்டா’ (Autumn Sonata). நகைச்சுவையின் நிழல்கூட விழாத படம். அம்மா உலகப் புகழ்பெற்ற பியானோ கலைஞர், இங்க்ரிட் பெர்க்மன் நடித்தார். மகளாக லிவ் உல்மன். பல வருடம் கழித்து அம்மா மகள் வீட்டுக்கு வருகிறார். மகள், இசையமைப்பாளர் ஷோப்பனின் பிரெலூட் என்ற சிறிய பியானோ இசைத்துண்டு ஒன்றை வாசிக்கிறாள். நன்றாகத்தான் வாசிக்கிறாள், ஆனால் கை பயப்படுகிறது. எப்படி இருந்தது என்று கேட்கிறாள். அம்மா நேரடியாகப் பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறார். மகள் விடவில்லை. அப்புறம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஷோப்பனை எப்படி வாசிக்க வேண்டும் என்று விளக்கம் சொல்லி, அதே பிரெலூடை வாசித்துக் காட்டுகிறார். அம்மா வாசிக்கும்போது மகள் பியானோ கட்டைகளைப் பார்க்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள். குழந்தையாக இருந்த நாளிலிருந்து அந்த முகம் பியானோவைத்தான் பார்த்திருக்கிறது என்பது ஒரு வசனமும் இல்லாமல் நமக்குப் புரிந்துவிடுகிறது.

இரண்டாவது, 1990-இல் வந்த ‘போஸ்ட்கார்ட்ஸ் ஃப்ரம் தி எட்ஜ்’. இது பெரிய ஸ்டூடியோ எடுத்த படம், சுயாதீனப் படம் அல்ல. ஆனாலும் டார்க் காமெடி எழுத வருகிறவர்கள் தவறவிடக் கூடாத பாடம். நடிகையும் எழுத்தாளருமான கேரி ஃபிஷர் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார், மைக் நிக்கல்ஸ் இயக்கினார். போதைப் பழக்கத்திலிருந்து சிகிச்சை பெற்று வரும் நடிகை மகளாக மெரில் ஸ்ட்ரீப், பழைய நட்சத்திரமான அம்மாவாக ஷெர்லி மெக்லைன். மகள் வீடு திரும்பியதற்கு அம்மா விருந்து வைக்கிறார். மகளைப் பாடச் சொல்கிறார்கள். அவள் அடக்கமாக, மனசுக்குள் இருந்து ஒரு பாட்டுப் பாடுகிறாள். கைதட்டுகிறார்கள். உடனே அம்மாவையும் பாடச் சொல்கிறார்கள். அவர் எழுந்து, ஆடி, உடம்பைத் திருப்பி, வீட்டையே அரங்கமாக மாற்றிவிடுகிறார். மகளுக்காக வைத்த விருந்து அம்மாவின் விருந்தாகிவிட்டது. மகளால் கோபப்படவும் முடியவில்லை, ரசிக்காமல் இருக்கவும் முடியவில்லை.

கவனித்தீர்களா? இரண்டும் ஒரே காட்சிதான். மகள் வாசிக்கிறாள், அம்மா மேலே ஏறி வாசிக்கிறாள். அங்கே தொண்டை அடைக்கிறது. இங்கே முதலில் சிரிப்பு வருகிறது, தொண்டை அப்புறம்தான் அடைக்கிறது. என் கட்சி இரண்டாவதுதான். அழவைக்கும் படத்தில் பார்ப்பவர் சீக்கிரம் மகள் பக்கம் சாய்ந்துவிடுவார், அம்மா குற்றவாளிக் கூண்டில் ஏறிவிடுவாள். சிரிக்கும்போது அம்மாவின் பக்கமும் நமக்குக் கண்ணில் படுகிறது. மேடையை விட்டு இறங்கத் தெரியாத ஒரு மனுஷி என்று அவள்மேல் பரிவு வருகிறது.

கேரி ஃபிஷரின் அம்மா டெபி ரெனால்ட்ஸும் பெரிய நட்சத்திரம். இருவரும் பல வருடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர்கள், பிற்காலத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்ந்தார்கள். 2016 டிசம்பர் 27 அன்று மகள் இறந்தார். மறுநாளே அம்மாவும் போய்விட்டார். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. இந்தப் பழமொழிக்குள் எவ்வளவு பாசம் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது இந்த இரண்டு பேர்தான்.

இப்போது ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு கழகத்தில் ‘கிரே கார்டன்ஸ்’ படம் போட்டார்கள். 1975-இல் மேசில்ஸ் சகோதரர்கள் எடுத்த ஆவணப்படம். நியூயார்க் மாநிலத்தில் ஈஸ்ட் ஹாம்ப்டன் என்ற ஊரில், இடிந்து கிடக்கும் பெரிய வீட்டில், பூனைகளுக்கு நடுவே வாழ்ந்த ஒரு தாயும் மகளும். இருவருக்கும் பெயர் ஈடித். அமெரிக்க அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்கு நெருங்கிய சொந்தம். அம்மாவைப் பார்த்துக்கொள்ளத் திரும்பி வந்து, தன் வாழ்க்கையே போய்விட்டது என்கிறாள் மகள். அம்மாவுக்கு அதில் ஒரு சொல்லும் சம்மதம் இல்லை. படம் முழுக்க இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அன்றைக்குப் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாவும் மகளும். அம்மாவுக்கு அறுபதுக்கு மேல் இருக்கும், மகளுக்கு நாற்பதை நெருங்கும். வாசலிலேயே தாமதமானதற்கு யார் காரணம் என்று பேச்சு. உள்ளே வந்து நடுவில் ஒரு நாற்காலியை விட்டு, அதில் கைப்பையை வைத்து, ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்தார்கள். படம் ஓடுகிறது. கொஞ்ச நேரம் சத்தமில்லை. திரையில் அம்மா படுக்கையில் உட்கார்ந்துகொண்டு மகள் சொல்வதையெல்லாம் மறுக்க, மகள் குரலை உயர்த்த, இந்த மகள் சட்டென்று சிரித்துவிட்டார். “எதுக்குடி இப்ப சிரிக்கிற?” என்றார் அம்மா. “அம்மா, அது அப்படியே நீதான்.” “நானா? அங்க கத்திட்டு இருக்கிறாளே, அவதான் நீ.” பின்வரிசையில் ஒருவர், “கொஞ்சம் அமைதியா இருங்க” என்றார். உடனே இருவரும் ஒரே குரலில் அவரைப் பார்த்து, “நாங்க பேசல” என்றார்கள். திரையிலும் இருவர் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருக்க, அரங்கமே சிரித்துவிட்டது. என்ன ஆச்சரியம் என்றால், அந்த இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

அதோடு முடியவில்லை. படம் முடிந்து கலந்துரையாடல். அம்மா எழுந்து ஒலிவாங்கியை வாங்கினார். “அந்தப் பெண்ணை யாரும் கட்டிப்போடல, அவளே போகல” என்று ஆரம்பித்தார். மகள் பாதியில் ஒலிவாங்கியை வாங்கி, “போகவிட்டாத்தானே போறதுக்கு” என்றார். ஒலிவாங்கி மறுபடி அம்மா கைக்குப் போனது. அப்புறம் மகளிடம். மற்றவர்களுக்கு அன்று பேச வாய்ப்பே இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. காவலாளி வந்து மின்விளக்குகளை அணைத்துவிட்டார். இருட்டிலும் இரண்டு குரல் கேட்டுக்கொண்டே வாசல் வரை போயின. கதவைப் பூட்டும் நேரத்தில் இருவரும் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்கள். நடுநாற்காலியில் வைத்த கைப்பையை யாரும் எடுக்கவில்லை! “உன் பக்கம்தானே இருந்துச்சு?” “பை உன்னோடதுதானே?”

அந்த இருவரும் வீட்டில் தனித்தனியாக, ஆளுக்கொரு கைப்பேசியில் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்குமா? மகள் பாதியில் நிறுத்தியிருப்பார். அம்மா, வருத்தமான படம் என்று தள்ளியிருப்பார். அவல நகைச்சுவையைத் தனியாகப் பார்ப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. இதற்குச் சிரிக்கலாமா, சிரித்தால் நான் கல்நெஞ்சக்காரனா என்று தெரியாது. பக்கத்தில் ஒருவர் சிரிக்கும்போதுதான் அந்தப் பூட்டு திறக்கிறது. அம்மாவும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து பேச முடியாததை, அருகருகே உட்கார்ந்து திரையைப் பார்த்துப் பேச முடியும்.

இரண்டாவது செய்தியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்குப் பெரிய செட் வேண்டாம். ஒரு வீடு, ஒரு கார், தேர்ந்த இரண்டு நடிகைகள் போதும். கிரெட்டா கெர்விக் 2017-இல் ‘லேடி பேர்ட்’ படத்தைச் சுமார் 1 கோடி டாலரில் எடுத்தார். ஹாலிவுட் கணக்கில் சின்னத் தொகை. ஆஸ்கருக்கு 5 பரிந்துரைகள் கிடைத்தன. தொடக்கத்தில் அம்மாவும் மகளும் காரில் ஒரு நாவலின் ஒலிநாடாவைக் கேட்டு முடித்து ஒன்றாகக் கண் கலங்குகிறார்கள். சற்று நேரத்தில் கல்லூரி பற்றிப் பேச்சு வருகிறது, சண்டை முற்றுகிறது, மகள் ஓடும் காரின் கதவைத் திறந்து குதித்துவிடுகிறாள். அடுத்து நாம் பார்ப்பது இளஞ்சிவப்பு மாவுக்கட்டு. அந்தக் கட்டின்மேல் அம்மாவைத் திட்டி ஒரு வரி. ஒன்றாக அழுத கண்ணும் மாவுக்கட்டும் சில நிமிட இடைவெளியில். இதற்கு எந்த கிராஃபிக்ஸ் வேண்டும்?

ஆனால் எல்லாச் சிறு படத்துக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைப்பதில்லை. திரையரங்கில் ஆள் வராத பகல் காட்சி ஒன்று கொடுப்பார்கள், வாரக் கடைசிக்குள் எடுத்துவிடுவார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவதற்குள் படம் போய்விடும். இந்தப் படங்களுக்கு இடம் கொடுத்தவை என்றைக்கும் திரைப்படக் கழகங்கள்தான். லண்டனில் 1925-இல் ஃபிலிம் சொசைட்டி தொடங்கியது அதற்காகத்தான். நியூயார்க்கில் ஏமஸ் வோகலும் மார்சியா வோகலும் 1947 முதல் 1963 வரை சினிமா 16 என்ற கழகத்தை நடத்தினார்கள், ஆயிரக்கணக்கான உறுப்பினர்களோடு. ஆனால் கழகத்துக்குச் சொந்த இடம் இருக்காது. வாடகை ஏறினால் கழகம் சாய்ந்துவிடும்.

அதனால்தான் அலுவலர் அம்மா இங்கே இருப்பது முக்கியம் என்றேன். அம்மா, ஒவ்வொரு பொது நூலகத்திலும் படம் பார்க்க ஓர் அறை வேண்டும். நான் போகிற இடமெல்லாம் கேட்டு வருவது இதைத்தான். பின்லாந்தின் ஹெல்சின்கியில் 2018 இறுதியில் திறந்த ஊடி நூலகக் கட்டடத்துக்குள்ளேயே கினோ ரெகினா என்ற திரையரங்கு இயங்குகிறது. அவ்வளவு பெரிதாக நான் கேட்கவில்லை. வெளிச்சத்தை முழுசாக மறைக்கும் திரைச்சீலை, ஒரு நல்ல ப்ரொஜெக்டர், தெளிவான ஒலிபெருக்கி, ஐம்பது நாற்காலி. திரையிடும் உரிமைக்கு நூலகமே முறைப்படி பணம் கட்ட வேண்டும். இலவசக் காட்சி என்பதால் படம் எடுத்தவருக்குச் சேர வேண்டியது சேராமல் போகக் கூடாது. வசன வரிகள் கட்டாயம் வேண்டும். இந்த வகைப் படத்தில் ஒரு சொல் தவறினால் சிரிப்பும் போகும், வலியும் போகும். படம் முடிந்தபின் பேச ஒரு மணி நேரம் விளக்கு எரிய வேண்டும்.

நூலகத்தில் புத்தகத்தை ஏன் இலவசமாக வைத்தோம்? வாங்க முடியாதவரும் படிக்க வேண்டும் என்றுதானே? படமும் அப்படித்தான். வாசிக்கப் பழகாத அம்மாவையும் வாசித்தே வளர்ந்த மகளையும் ஒரே வரிசையில் உட்காரவைக்கும் வேறு எந்தக் கலையை நூலகத்துக்குள் கொண்டுவர முடியும்? தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு. வேறாகவே இருக்கட்டும், நாற்காலியாவது பக்கத்தில் பக்கத்தில் போடலாம் அல்லவா?

அவைத்தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். இசையைப் பற்றி இன்னொரு கூட்டத்தில் பேசுகிறேன். வாசல் பக்கம் மேசையில் கோரிக்கை மனு வைத்திருக்கிறோம், பேனாவும் இருக்கிறது. அம்மாவும் மகளும் சேர்ந்து வந்திருப்பவர்கள் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் போட்டால் போதும் என்று விட்டுவிடாதீர்கள். அலுவலர் அம்மா கிளம்புவதற்குள் அதை அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நன்றி, வணக்கம்.