கோஹிமாவுக்குத் திரும்பிய கேப்டன்

எல்லோருக்கும் வணக்கம். மருத்துவ மாணவர்கள் கூடியிருக்கும் விளையாட்டு விழாவில் பேசக் கூப்பிட்டதும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் டாக்டர் தலிமெரென் ஆவோ. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து கேப்டன். வெம்பிளியில் நடந்த தொடக்க விழாவில் நம் கொடியை ஏந்திச் சென்றவரும் அவரே. அப்போது அவருக்கு வயது 30. இன்னும் எம்.பி.பி.எஸ். முடிக்காத மாணவர்!

ஜூலை 31 அன்று பிரான்ஸுடன் ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கினார்கள். பிரான்ஸ் ஒரு கோல் முந்தியது. பெங்களூரைச் சேர்ந்த சாரங்கபாணி ராமன் பதில் கோல் அடித்தார். கிடைத்த இரண்டு பெனால்டியும் வீணாகி, கடைசி நிமிடங்களில் இன்னொரு கோல் வாங்கி 2-1 என்று தோற்றோம். ஏன் பூட்ஸ் போடவில்லை என்று கேட்ட நிருபர்களிடம், "நாங்கள் ஆடுவது ஃபுட்பால், நீங்கள் ஆடுவது பூட்பால்" என்று ஆவோ சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. ஊரெல்லாம் அவரை நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு வரிக்காகத்தான். எனக்கு அதில் மனக்குறை உண்டு. அதற்குப் பிறகு அவர் வாழ்ந்த வாழ்க்கை அதைவிடப் பெரியது.

நாகா மலையில், அதாவது இன்றைய நாகாலாந்தில், சாங்கி என்ற கிராமத்தில், 1918இல் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். டைபாய்டு வந்து அப்பா இறந்துபோனார். மகன் மருத்துவம் படித்து நாகா மக்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆவோ குவஹாத்தி காட்டன் கல்லூரியில் படித்து, அப்புறம் கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இன்றைக்கு ஆர்.ஜி.கர் என்று நாம் அறிவது அதைத்தான். பகலில் வார்டு, சாயங்காலம் மோகன் பகான் அணியில் சென்டர் ஹாஃப். அந்தக் கிளப்புக்கும் கேப்டன் ஆனார். ஒன்றுக்காக இன்னொன்றை அவர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள். பட்டம் வாங்கியது 1950இல்.

கல்கத்தாவிலேயே தங்கியிருக்கலாம். புகழ் இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். அவர் திரும்பிப் போனார். 1953இல் கோஹிமா அரசு மருத்துவமனையில் உதவி சிவில் சர்ஜன். அது எப்படிப்பட்ட காலம் தெரியுமா? அடுத்த சில ஆண்டுகளிலேயே நாகா மலையில் ஆயுதப் போராட்டம் மூண்டு, ராணுவம் இறங்கியது. கிராமங்கள் எரிந்தன. அங்கே வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு வேலை பார்ப்பதற்கு, பிரான்ஸை எதிர்த்து ஆடுவதைவிட அதிகத் துணிவு வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1963இல் நாகாலாந்து தனி மாநிலம் ஆனது. பின்னாளில் அதன் சுகாதாரத் துறை இயக்குநராக உயர்ந்து, 1978இல் ஓய்வு பெற்றார். 1998இல் மறைந்தார்.

முதலாம் ஆண்டு சேர்ந்ததும் "இனி படிப்புதான்" என்று பூட்ஸைக் கழற்றி வைத்தவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அப்படி விட்டவர்கள் இன்றைக்கே உடற்கல்வி இயக்குநரிடம் பெயர் கொடுங்கள். கல்லூரி அணிக்கு ஆள் தேவைப்படுகிறது.