சைக்காலஜி டிகிரி: படிச்சா ஆயிரம், போர்டு வெச்சாலும் ஆயிரம்!

[திரையில்: ரெண்டு ஐநூறு ரூபாய் நோட்டு]

பி.எஸ்சி. சைக்காலஜி படிக்கும்போது மாசம் ஆயிரம் ரூபாய் உங்க அக்கவுண்ட்ல விழலாம். படிச்சு முடிச்சு, அந்த ஒரு டிகிரிய நம்பி "கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்"னு வாசல்ல போர்டு மாட்டினா, ஆயிரம் ரூபாய் அபராதம் வரலாம். குடுக்கிறது மாநில அரசோட திட்டம், வாங்குறது மத்திய அரசோட சட்டம். ரெண்டுக்கும் நடுவுல உங்க மூணு வருஷம்.

முதல்ல குடுக்கிற ஆயிரம். ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது. பையன்னா தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்ட். முப்பத்தாறு மாசத்துக்கு 36,000 ரூபாய். சென்னை மாநிலக் கல்லூரில சைக்காலஜி துறை இருக்கு. அரசுக் கல்லூரி ஃபீஸ் வருஷத்துக்குச் சில ஆயிரம்தான். கழிச்சுப் பாருங்க, படிப்புச் செலவு மைனஸ்ல போகும்! மெஸ் பில்லும் பஸ் செலவும் தனி, அத என் தலையில கட்டாதீங்க.

தனியார் கல்லூரின்னா வருஷம் 80,000னு வெச்சுக்குவோம். மூணு வருஷத்துக்கு 2,40,000. அவ்ளோதான், ஃபீஸ் கதை முடிஞ்சது. வீட்ல எல்லாரும் இந்த நம்பர வெச்சுதான் சண்டை போடுறாங்க. ஆனா பெரிய செலவு இதுல இல்ல.

இப்ப வாங்குற ஆயிரம். எனக்கு ரொம்பப் புடிச்ச இடம் இதான்.

[திரையில்: 1992]

இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டம், 1992. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்த கவுன்சிலோட, அதாவது ஆர்சிஐயோட, பதிவேட்டுல இருக்கணும். பதிவு இல்லாம தொழில் பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபாய் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். 1992-ல ஆயிரம் ரூபாய்க்கு கால் பவுன் தங்கம் வாங்கி, மிச்சக் காசுல ஹோட்டல்ல சாப்பிட்டுட்டும் வரலாம். அன்னைக்கு அது வலிக்கிற தொகை. இன்னைக்கு? சென்னையில பல இடங்கள்ல ஒரு செஷன் ஃபீஸே அதுக்கு மேல! காலையில வர்ற முதல் ஆள்கிட்டயே அபராதத்த வசூல் பண்ணிரலாம். சட்டம் எழுதினவங்க தங்கம் விலையோட சேத்து எழுதியிருக்கணும், என் தாழ்மையான கருத்து. அதுக்காக யாரும் ட்ரை பண்ணாதீங்க, ஜெயில் ஒரு வருஷம் அப்படியேதான் இருக்கு.

சரி, அந்தப் பதிவு எப்படிக் கிடைக்கும்? பி.எஸ்சி. மூணு, முதுநிலை ரெண்டு, அதுக்கு மேல ஆஸ்பத்திரியில பயிற்சியோட எம்ஃபில் ரெண்டு. ஆக ஏழு வருஷம். இதுதான் இத்தனை நாள் இருந்த ரூட்டு. அந்த எம்ஃபிலுக்கும் 2025-26 கல்வியாண்டு வரைக்கும்தான் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) நீட்டிப்பு குடுத்துச்சு. அதனால இனிமே எந்தப் படிப்பு முடிச்சா பதிவு கிடைக்கும்னு ஆர்சிஐ தளத்துல நீங்களே பாருங்க. சீனியர் அண்ணன் சொன்ன ரூட்டு இந்நேரம் மூடியிருக்கலாம்.

இப்பதான் அசல் பில் வருது. பி.எஸ்சி. முடிச்ச கையோட எச்ஆர் பக்கமோ, தொண்டு நிறுவனத்துலயோ மாசம் 18,000 சம்பளத்துல சேர்றீங்கன்னு வைங்க. அதுக்குப் போகாம மேல நாலு வருஷம் படிச்சா, கைக்கு வராம போற சம்பளம் மட்டும் 8,64,000. தனியார் கல்லூரி ஃபீஸ விட மூணரை மடங்கு! இந்தப் பில்ல யாரும் ரசீது போட்டுத் தர மாட்டாங்க, அதனால யாரும் எண்றதில்ல.

இதுக்கு நடுவுல கல்யாண வீடு வேற. "சைக்காலஜியாம்மா? எம் பையன் போனையே நோண்டிட்டு இருக்கான், என்னன்னு பாரேன்." பந்தி முடியுறதுக்குள்ள நாலு கன்சல்டேஷன், ஃபீஸ் ஒரு பீடா.

தபால் வழியில படிச்சுக்கிட்டே வேலைக்குப் போகலாமேன்னு யோசிக்கிறவங்களுக்கு: சைக்காலஜியத் தொலைதூர, ஆன்லைன் முறையில நடத்தக் கூடாதுன்னு 2025-ல யுஜிசி சொல்லிருச்சு. அட்மிஷன் போடுறோம்னு யாராவது போன் பண்ணினா கட் பண்ணுங்க.

அப்ப படிக்கவே வேணாமா? நான் அப்படிச் சொல்லல. மனநல டாக்டரும் ஆலோசகரும் நம்ம ஊர்ல பத்தவே பத்தாது. மனசு சரியில்லன்னா கூப்பிடுங்கன்னு 14416-னு தனி நம்பரே வெச்சிருக்காங்க. தேவை நிறைய இருக்கு. மேல படிக்க மனசும், நாலு வருஷம் தாங்குற வீடும் இருந்தா தைரியமா சேருங்க. மூணு வருஷத்துல சம்பாதிச்சே ஆகணும்னா, இத மட்டும் நம்பாதீங்க. கூடவே டேட்டா, கணக்கு, டேலின்னு ஏதாவது ஒண்ணு கைவசம் வேணும்.

காலேஜ்ல அட்மிஷன் டேபிளுக்குப் போனா ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இங்க பி.எஸ்சி. முடிச்சவங்கள்ல ஆர்சிஐ பதிவு வரைக்கும் போனது எத்தனை பேரு?" என்ன பதில் வந்துச்சுன்னு காலேஜ் பேர் போடாம கமெண்ட்ல எழுதுங்க. பதிலே சொல்லாம பிராஸ்பெக்டஸ நீட்டினாங்கன்னா, அந்த பிராஸ்பெக்டஸ் விலையையும் செலவுக் கணக்குல சேத்துக்கோங்க.