சந்தேகங்களுக்கு விளக்கம்: படைப்பாளர்களுக்குக் கரு எங்கிருந்து கிடைக்கிறது?

வணக்கம். மலேசியாவில் உள்ள நம் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்த தங்கை ஒருவர் ஒரு சந்தேகத்தை அனுப்பியிருக்கிறார். "ரப்பர் தோட்டம் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாறிவிட்டது, லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்துவிட்டார்கள், பழைய மனிதர்கள் ஆளுக்கொரு தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) குடிபெயர்ந்துவிட்டார்கள். இங்கே எழுதுவதற்கு இனி என்ன இருக்கிறது ஐயா? எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் மட்டும் கரு எங்கிருந்து கிடைக்கிறது?" என்று கேட்கிறார்.

கரு வெளியே எங்கோ கிடக்கிறது, கொடுத்துவைத்தவர்களின் கண்ணில் மட்டும் படுகிறது என்ற எண்ணம் இந்தக் கேள்விக்கு அடியில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. தீராத கேள்வி ஒன்று ஒருவருடைய மனத்தை முன்னதாகவே பிடித்திருக்க வேண்டும். அதன் பிறகுதான் அவருடைய கண்ணெதிரே எப்போதும் இருந்த பொருள் அவருக்குக் கருவாகிறது.

குறுந்தொகையின் 40ஆம் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். உறவும் இல்லாத, முன்பின் அறிமுகமும் இல்லாத இருவருடைய நெஞ்சங்கள் எவ்வாறு இப்படிக் கலந்தன என்று வியக்கும் ஒருவன், செம்மண்ணில் பெய்த மழைநீரை அதற்கு உவமையாகச் சொல்கிறான். அந்தப் புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த உவமையைக் கொண்டே அவரைச் செம்புலப் பெயனீரார் என்கிறோம். மழை பெய்தால் செம்மண்ணில் நீர் சிவப்பதை அவருடைய ஊரில் பார்க்காதவர் யாரும் இருந்திருக்க முடியாது. ஆனால் அந்த வியப்பைச் சுமந்துகொண்டிருந்தவருக்கே அந்த நீர் தேவைப்பட்டது.

கணிதத்திலும் இதே நிலைதான். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி பொவான்காரே, வாரக்கணக்கில் ஒரு சிக்கலோடு போராடிவிட்டு, பயணம் ஒன்றின் நடுவே வண்டியின் படியில் கால் வைத்த கணத்தில் விடை தோன்றியதாக 1908இல் எழுதினார். இந்த நிகழ்ச்சியைச் சொல்பவர்கள் பெரும்பாலும் வண்டிப்படியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முன்னும் பின்னும் கடுமையான உழைப்பு இல்லாவிட்டால் இப்படிப்பட்ட திடீர்த் தோற்றத்தால் பயனில்லை என்று அவரே சொல்லியிருப்பதை ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

இப்போது உங்கள் தோட்டத்துக்கு வருகிறேன். விடியற்காலைக் குளிரில் ரப்பர் மரத்துக்குள் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற அது குறையும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போய் நிற்க வேண்டியிருந்தது; ஆகவே உறங்கும் கைக்குழந்தையை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) விட வேண்டியிருந்தது. ஒரு மரத்தின் இயல்பு, தாயும் பிள்ளையும் எந்த நேரத்தில் பிரிய வேண்டும் என்பதைத் தலைமுறை தலைமுறையாக முடிவு செய்திருக்கிறது. பிறகு வந்த செம்பனைக்கு அவ்வளவு ஆட்கள் தேவைப்படவில்லை; அது வேறொரு கடிகாரத்தையும் கொண்டுவந்தது, ஏனென்றால் வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்க்காவிட்டால் எண்ணெயில் அமிலம் கூடித் தரம் கெடும். இன்று அந்தக் குலையை வெட்டுபவர் பெரும்பாலும் இந்தோனேசியாவிலிருந்தோ வங்காளதேசத்திலிருந்தோ வந்தவர். அவருடைய குழந்தை கடலுக்கு அப்பால் வளர்கிறது. நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த கதையை விழாதோறும் பேசுகிற நாம், அவரிடம் ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறோமா? இதை நான் குறையாகச் சொல்லவில்லை, தங்கையே. நீங்கள் எழுத எதுவுமில்லை என்று சொன்ன இடத்திலேயே இத்தனை கேள்விகள் நிற்பதைக் காட்டுவதற்காகவே சொல்கிறேன்.

உங்கள் பாட்டியிடம் "அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டால், எல்லாப் பாட்டிகளும் சொல்லும் கதையே கிடைக்கும். குழந்தையை விட்டுவிட்டு நிரைக்கு (பால் வெட்டும் மர வரிசைக்கு) போகையில் மார்பில் பால் கட்டிக்கொண்டால் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தால், குறுக்கே பேசாமல் காத்திருங்கள்.

மனநிலை அமையும்வரை காத்திருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். புதிய நோட்டுப் புத்தகமும் விலையுயர்ந்த பேனாவும் வாங்கி வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். நோட்டு இன்னும் புதிதாகவே இருக்கிறது. பிறருடைய நூல்களைப் படித்துக் கரு தேடலாமா என்றால், தாராளமாகப் படியுங்கள். ஆனால் அவர்கள் எதை எழுதினார்கள் என்பதோடு, எந்தக் கேள்வி அவர்களை விடாமல் துரத்தியது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.