விற்றமின் சி குளிசையை மிளகாய்ச் செடிக்கு ஊற்றலாமா?

சரி, அடுத்த கேள்வி. சுன்னாகத்திலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். "ஐயா, கிணற்றடி மாமரத்துக்குக் கீழே பத்துச் சாடியில் மிளகாய் வைத்திருக்கிறேன். செடி நெடுநெடுவென்று போகிறது, காய் இல்லை. விற்றமின் சி குளிசையைக் கரைத்து ஊற்றினால் காய்க்குமா?"

இரண்டு நாளாக இந்தக் கேள்வியையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். நல்ல கேள்வி. ஊற்ற வேண்டாம் தங்கச்சி. மண்ணில் விழுந்த விற்றமின் சி காற்றுப்பட்டுக் கொஞ்ச நேரத்திலேயே கெட்டுவிடும், மிச்சத்தை மண்ணில் இருக்கிற நுண்ணுயிர்கள் தின்றுவிடும். உவர்நீரில் வாடும் பயிர்களுக்கு அதை இலையில் தெளித்துப் பயன் கண்ட ஆய்வுகள் இருப்பது உண்மை. ஆனால் உங்கள் செடியின் குறை அதுவல்ல. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

"செடி ஏன் விற்றமின் சி செய்கிறது?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று எனக்கு நெடுநாள் ஆசை. எங்களுக்காக அல்ல. இதை முருங்கையிலை பற்றிய காணொளியிலும் சொன்னேன். மனிதனுக்கு அதைச் செய்யும் கடைசி நொதியம் பழுதாகிவிட்டது, அதனால் பழத்தைத் தேடுகிறோம். செடி தன் வெல்லத்திலிருந்தே அதைச் செய்துகொள்கிறது. வெல்லத்தைப் படிப்படியாக மாற்றி, கடைசிப் படியைக் கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் முடிக்கிறது. உச்சி வெயிலில் இலைக்குள் ஒளி மிஞ்சினால் ஐதரசன் பேரொட்சைட்டு போன்ற நச்சுகள் உண்டாகும். அவற்றை அடக்குவது இந்த விற்றமின்தான். கலச்சுவர் கட்டும் வேலையிலும் அதற்குப் பங்கு உண்டு.

அது இல்லாவிட்டால் என்ன நடக்கும்? கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடி ஒன்றில், விற்றமின் சி செய்யும் வழியின் ஒரு முக்கிய படிக்கான இரண்டு மரபணுக்களையும் சேர்த்து முடக்கிப் பார்த்தார்கள். 2007இல் வெளிவந்த ஆய்வு. நாற்று வித்திலையை விரித்தது, அதோடு நின்றுவிட்டது. அஸ்கோபிக் அமிலம், அதாவது விற்றமின் சி, கொடுத்ததும் திரும்ப வளர்ந்தது. அதை வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை. நாங்கள் தடிமனுக்குக் குடிக்கிற சாமான், ஒரு நாற்றுக்கு உயிர்!

சரி, அப்படியென்றால் கூடக் கூட நல்லதா? அதுவும் இல்லை. நியூசிலாந்து ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட வேலையில், அதே படியைத் தூண்டிவிட்டுத் தக்காளிப் பழத்தில் விற்றமின் சியை 3 முதல் 6 மடங்கு வரை கூட்டினார்கள். பழத்தில் விதை இல்லாமல் போனது. விதையைச் சுற்றியிருக்கும் வழவழப்பும் போனது. விதை இல்லாத தக்காளி எங்களுக்கு வசதியாக இருக்கலாம், செடிக்கு அது பிள்ளையில்லாத வீடு. அளவு தேவைப்படுவதும் செடிக்குத்தான்.

பழுப்பதிலும் அதற்கு வேலை இருக்கிறது. போன மாதம் வைக்கோலுக்குள் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் பழுக்க வைப்பது பற்றிக் கதைத்தோமே, அந்த எதிலீன் வாயு ஞாபகமா? அதைச் செய்கிற நொதியத்துக்கு அஸ்கோபிக் அமிலம் கட்டாயம் வேண்டும்.

அம்மம்மாவின் வளவில் ஒரு கொய்யா நின்றது. வேலிப் பக்கம் வெயில் விழும் கொப்பில்தான் பறிக்கச் சொல்லுவா, "வெயில் குடிச்ச பழம்" என்பா. தோலைச் சீவித் தின்றால் பேச்சு விழும். பிறகு படித்தபோதுதான் விளங்கியது. வெயில் நேரே படுகிற பழத்தில் விற்றமின் சி கூடும், கொய்யாவில் அது தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும்தான் நிறைய. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. தோடம்பழத்தில் 50 அளவுதான்.

மிளகாயை மறந்துவிடவில்லை. சென்ட்-ஜியோர்ஜி என்ற ஹங்கேரி விஞ்ஞானி, விற்றமின் சி ஆய்வுகளுக்காகவும் சேர்த்து 1937இல் நோபல் பரிசு பெற்றவர், விற்றமின் சியைக் கிலோக் கணக்கில் எடுத்தது மிளகாய் இனத்திலிருந்துதான். மனைவி இரவுச் சாப்பாட்டுக்கு வைத்த மிளகாயைத் தின்ன மனமில்லாமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனாராம், அங்கே பார்த்தால் அதற்குள் அத்தனையும் இருந்தது. ஆகவே தங்கச்சி, நீங்கள் குளிசை கொடுக்க நினைக்கிற செடியே அந்தக் குளிசைக்குள் இருக்கிறதைச் செய்யத் தெரிந்த செடி.

அதற்கு வெல்லம் வேண்டும், வெல்லத்துக்கு வெயில் வேண்டும். நெடுநெடுவென்று போகிறது என்றீர்களே, அது வெளிச்சம் தேடிப் போகிறது. சாடிகளை மாமர நிழலிலிருந்து வெளியே எடுங்கள். ஒரேயடியாக உச்சி வெயிலில் வைக்காமல், முதல் நாலைந்து நாள் காலை வெயில் மட்டும் படட்டும். நிழலில் வளர்ந்த இலையில் விற்றமின் சி குறைவு, திடீர் வெயிலைத் தாங்காமல் வெளிறிவிடும். பழகின பிறகு முழு வெயிலில் விடுங்கள். ஒரு பத்து நாளைக்கு யூரியாவில் கை வைக்க வேண்டாம்.