டிவி வாங்கும் முன் டேப் எடுத்து அளந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். 43 அங்குல 4கே டிவி புதிதாக வாங்கியிருக்கிறார். கடையில் மீன்தொட்டி வீடியோ போட்டுக் காட்டினார்களாம், மீனின் செதில்கூட தனித்தனியாகத் தெரிந்ததாம். வீட்டில் சீரியல் போட்டதும், "பழைய டிவியே தேவலை போலிருக்கே தம்பி" என்று முகம் வாடிப்போய்ச் சொன்னார். எனக்கு மனசே கேட்கவில்லை.

கடையில் அக்கா 3 அடியில் நின்று பார்த்திருக்கிறார். வீட்டில் சோபாவிலிருந்து திரை வரைக்கும் டேப் பிடித்தேன், 10 அடி.

இப்போது கணக்கைப் பாருங்கள். 4கேக்கு முந்தைய தரமான ஃபுல் எச்டி திரையில் குறுக்கே 1920 புள்ளிகள் (பிக்சல்). 43 அங்குல டிவியின் அகலம் சுமார் 95 செ.மீ. ஆக ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர், ரவைத் துணுக்கு மாதிரி. நல்ல பார்வை உள்ளவருக்கே அது ஐந்தரை அடி வரைக்கும்தான் பிரிந்து தெரியும். 10 அடியில் உட்கார்ந்தால் ஃபுல் எச்டியின் 20 லட்சம் புள்ளியும் 4கேயின் 83 லட்சம் புள்ளியும் கண்ணுக்கு ஒன்றுதான்.

சரி, சீரியல் ஏன் மங்கியது? அவர் பார்த்தது எஸ்டி சேனல், அதாவது எச்டிக்கு முந்தைய பழைய தரம். 720க்கு 576, அதாவது 4 லட்சம் புள்ளிகள்தான் உள்ளே வருகிறது. மீதியை டிவியே ஊகித்து நிரப்புகிறது. முகமெல்லாம் எண்ணெய் பூசியது போல வழவழவென்று தெரிவது அதனால்தான். அன்றைக்கே அந்தச் சேனலை எச்டிக்கு மாற்றினோம். புடவைக் கரையில் ஜரிகை தனியாகத் தெரிந்தது, அக்கா எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தார்!

4கே வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. 55 அங்குலம், 6 அடி தூரம், 4கேயில் படம் பார்க்கிற வழக்கம், இந்த மூன்றும் இருந்தால் 4கேக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். ஆனால் நெட்ஃப்ளிக்ஸில் பிரீமியம் திட்டத்தில்தான் 4கே வரும், அந்த மாதச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4கேயைவிட நான்கு மடங்கு புள்ளிகள் உள்ள 8கே? ஜப்பானில் என்எச்கே என்ற ஒளிபரப்பு நிறுவனம் 2018 டிசம்பரிலேயே 8கே சேனல் தொடங்கிவிட்டது. நம் ஊரில் அப்படி ஒரு சேனலும் இல்லை. அந்தப் பணத்தை நல்ல பிரகாசமான திரைக்குக் கொடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்க்கிற வீட்டில் அந்த வித்தியாசம் 10 அடியிலும் தெரியும்.

உங்கள் வீட்டில் எத்தனை அடி, எத்தனை அங்குலம்? அளந்து கமெண்டில் போடுங்கள், ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.