மண்சுவருக்குள் ஓடும் குழாய்

நேயர்களுக்கு வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு எல்லையில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம் எனத் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர்களில், பழைய ஓட்டு வீடுகள் இன்றும் ஏராளமாக இருக்கின்றன. மண்ணும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய அந்தச் சுவர்கள், கிணற்றில் கயிறும் வாளியுமாக நீர் இறைத்த காலத்தவை. குழாய் பின்னால் வந்தது. வந்தபோது, வெளியே தெரிந்தால் அழகாக இராது என்று சுவரைக் குடைந்து அதற்குள் பதித்து, மேலே சிமெண்ட் பூசி மறைத்துவிட்டார்கள். இவ்வீடுகளின் குழாய்த் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு முடிவிலிருந்தே தொடங்குகின்றன என்பது என் உறுதியான கருத்து.

செங்கல் சுவருக்குள் குழாய் கசிந்தால் கறை படியும், பூச்சு உதிரும். மண்சுவருக்குள் கசிந்தாலோ சுவரே வலுவிழக்கும். அதிலும், கசியும் இடம் ஒன்றாகவும் ஈரம் தெரியும் இடம் வேறாகவும் இருக்கும். நீர் சுவருக்குள்ளேயே இறங்கி, தரைக்குச் சற்று மேலே உப்புப் பூத்து, சுண்ணாம்பைப் பொருமச் செய்யும். ஈரமண்ணை நாடிவரும் கறையான் அங்கிருந்து மேலேறிக் கைமரத்தையும் உத்தரத்தையும் அரிக்கத் தொடங்கிவிடும். சிமெண்ட் பூச்சு ஈரத்தை வெளியே ஆறவிடாமல் உள்ளேயே தேக்கிவைப்பதால், வெளிப்பார்வைக்கு உறுதியாகத் தோன்றும் சுவர் உள்ளே கரைந்துகொண்டிருக்கக் கூடும்.

ஆகவே ஈரம் கண்டவுடன் உளியை எடுத்துச் சுவரை உடைக்க வேண்டாம். இரவு படுக்கப் போகுமுன் எல்லாக் குழாய்களையும் அடைத்து, மேல்நிலைத் தொட்டிக்கு நீர் வரும் வழியையும் மூடி, நீர்மட்டத்தைத் தொட்டியின் உட்புறத்தில் குறித்து வையுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் இரவு தொட்டியிலிருந்து வெளியேறும் வால்வையும் அடைத்துவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். அப்போதும் இறங்கினால் தொட்டி கசிகிறது. இறங்காவிட்டால் குழாய்தான் கசிகிறது. தொட்டியிலிருந்து அடுக்களைக்கும் குளியலறைக்கும் செல்லும் கிளைகளுக்குத் தனித்தனி வால்வு இருந்தால், எந்தக் கிளை என்பதையும் இவ்வாறே கண்டுவிடலாம். தனி வால்வு இல்லாத வீடுகளில் முதலில் செய்ய வேண்டிய செலவு அதுதான்.

இனி, குழாய் ஏன் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். பழைய வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள், நாம் ஜி.ஐ. பைப் என்று சொல்பவை. பூச்சு தேய்ந்ததும் உள்ளிருந்தே துரு ஏறும். மரை வெட்டிய இடங்களில் இரும்பு மெலிந்திருப்பதால் இணைப்புகளே முதலில் ஓட்டையாகும். நம் கிழக்குப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. கேரளத்தின் பிற பகுதிகளைவிட இங்கே மழை குறைவு. நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்ட வட்டாரம் என்று, இவ்வூர்கள் அடங்கிய சித்தூர் வகைப்படுத்தப்பட்டதும் உண்டு. ஆழ்துளைக் கிணறுகளில் வரும் உப்புத்தண்ணீரின் சுண்ணாம்புச்சத்து குழாயின் உட்சுவரில் படிந்து, ஆண்டுக்காண்டு துவாரத்தைச் சுருக்குகிறது. உள்விட்டம் பாதியானால் வரும் நீர் பாதியாகக் குறைவதில்லை. ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகவே குறைந்துவிடுகிறது.

நீர் நூலாக வருகிறது என்றதும் பலர் பெரிய தொட்டி வாங்கி வைக்கிறார்கள். அதனால் பயனில்லை. குழாய்முனையின் அழுத்தத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் கொள்ளளவு அல்ல, நீர்மட்டத்தின் உயரம். 10 மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. நம் ஓட்டு வீட்டுத் தொட்டியோ குழாய்முனைக்கு 3 மீட்டர் உயரத்தில்தான் இருக்கும். அந்தச் சிறிய அழுத்தத்தைச் சுண்ணாம்புப் படிவும் தேவையற்ற வளைவுகளும் தின்றுவிடுகின்றன. தொட்டி காலியாகி மீண்டும் நிறைந்த பிறகு ஒரு குழாயில் மட்டும் நீர் வராமல் போனால், வழியில் மேடாக ஏறி இறங்கும் இடத்தில் காற்று சிக்கியிருக்கிறது என்று கொள்ளலாம். தொட்டியை விட்டு வெளியேறும் குழாயில், வால்வுக்கு அடுத்தாற்போல் ஒரு காற்றுக் குழாயைப் பொருத்தி, அதைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் உயர்த்தி விட்டால் இத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

துருப்பிடித்த குழாயை அங்கங்கே ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பது வீண்செலவு. ஓரிடத்தை அடைத்தால் அடுத்த இணைப்பு திறந்துகொள்ளும். வரிசை முழுவதையும் மாற்றுங்கள். மாற்றும்போது புதிய குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுசெல்லுங்கள். கண்ணுக்குத் தெரிகிற குழாயின் கசிவு அன்றே அகப்படும். பி.வி.சி. குழாய் நேரடி வெயிலில் நொறுங்கும் தன்மை அடைவதால் அதற்கு வண்ணம் பூச வேண்டும். சூடுநீர் செல்லும் பகுதிக்கு, வெப்பம் தாங்கும் சி.பி.வி.சி. குழாய்தான் ஏற்றது. மண்சுவரில் கிளாம்பு நிற்க, சுண்ணாம்புச் சாந்தில் ஒரு மரக்கட்டையைப் பதித்து அதில் திருகுங்கள். பழைய குழாயை எடுத்த பள்ளத்தையும் சுண்ணாம்புச் சாந்தாலேயே அடையுங்கள், சிமெண்ட் வேண்டாம்.

2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்ற கணக்கில், கிராம வீடுகளுக்குக் குடிநீர் இணைப்பு வந்துகொண்டிருக்கிறது. மகிழ வேண்டிய செய்தி. ஆனால் அந்த இணைப்பைப் பழைய இரும்புக் குழாயோடு சேர்த்துவிடாதீர்கள். பொதுக்குழாயின் அழுத்தம் நம் தொட்டியின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருந்தால், மெலிந்த இணைப்புகள் விட்டுவிடும். அதைவிடக் கவலைக்குரியது வேறொன்று: விநியோகம் நின்றதும் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, சாக்கடையோரமாகப் புதைந்திருக்கும் குழாயின் ஓட்டை வழியாக அழுக்கு நீர் உள்ளே இழுக்கப்படலாம். கைக்குழந்தையும் முதியவரும் இருக்கும் வீடுகளில் இதன் விளைவை நான் விளக்க வேண்டியதில்லை. குடிநீர் வழியையும் போர்வெல் வழியையும் இறுதிவரை தனித்தனியாகவே வையுங்கள். பொதுக்குழாயில் மோட்டாரை நேரடியாகப் பொருத்துவதை அறவே தவிருங்கள்.

கிணற்று மோட்டார் காலையில் ஓடியும் நீர் ஏறவில்லை என்றால், உறிஞ்சு குழாயின் அடிமுனையில் இருக்கும் அடிவால்வின் வாஷர் தேய்ந்திருக்கும் அல்லது உறிஞ்சு குழாயின் இணைப்பில் காற்று புகுந்திருக்கும். கோடையில் மட்டும் இப்படி ஆனால் மோட்டாரைக் குறைசொல்ல வேண்டாம். மேலே வைத்த மோட்டார் நடைமுறையில் ஏறத்தாழ 7 மீட்டர் ஆழம்வரைதான் நீரை உறிஞ்சும். கோடையில் கிணற்றின் நீர்மட்டம் அதற்கும் கீழே இறங்கியிருக்கும்.

இறுதியாகக் கழிவுத்தொட்டி. கேரள ஊராட்சிக் கட்டட விதிகளின்படி, கிணற்றுக்கும் கழிவுத்தொட்டிக்கும் இடையே குறைந்தது 7.5 மீட்டர் இருக்க வேண்டும். பழைய வீடுகளில் பலவற்றில் இந்த இடைவெளி கிடையாது. இந்த வாரமே ஒரு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால், கேரள நீர் ஆணையத்தின் ஆய்வகத்தில் கிணற்று நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். முடிவு தெரியும்வரை அந்த நீரைக் கொதிக்கவைத்தே குடியுங்கள். கழிவுத்தொட்டி நிறைந்துவிட்டால் கழிவை உறிஞ்சும் லாரியை வரவழையுங்கள். எக்காரணம் கொண்டும் ஒரு மனிதரை அதற்குள் இறங்கச் சொல்லாதீர்கள். மனிதர் கையால் கழிவள்ளுவதற்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடைசெய்திருக்கிறது, உள்ளே தேங்கும் நச்சுவாயு நொடிகளில் உயிரைப் பறித்துவிடும். நன்றி, வணக்கம்.